நகர மண்டபத்தில் இறங்குங்கள்

சிங்கப்பூர் போய் வந்தவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். முஸ்தபாவில் தங்கம், செந்தோசாவில் ஒரு பகல், சாங்கி விமான நிலையத்துக்குள் கொட்டும் அருவி. அதோடு பட்டியல் முடிந்துவிடும். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும். ஐயா, அம்மா, அடுத்த முறை ஒரு சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு நகர மண்டபம் எம்ஆர்டி நிலையத்தில் இறங்குங்கள். அங்கிருந்து தெற்கே சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில் வரைக்கும் நடந்தே சுற்றிவிடக்கூடிய சின்னத் துண்டு நிலம்தான். அதற்குள் ஆண்டு முழுக்க ஆட்டம், பாட்டு, கூத்து, கண்காட்சி என்று ஏதாவது நடந்துகொண்டே இருக்கிறது. முக்கால்வாசிக்குக் காசு கிடையாது. வங்கிக் கோபுரங்களை அண்ணாந்து பார்த்துவிட்டு, இது பணக்காரர்களின் பேட்டை, நமக்கு இங்கே என்ன வேலை என்று திரும்பிப் போகிறார்களே, அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நிலையத்தை விட்டு உடனே மேலே ஏறிவிடாதீர்கள். எஸ்பிளனேட் கலையரங்கம் வரை தரைக்கடியிலேயே போகலாம். அந்த நடைபாதையின் கடைசிப் பகுதியில் மேடை இல்லை, விளம்பரத் தட்டி இல்லை. ஆனால் எனக்கு இந்த ஊரிலேயே பிடித்த அரங்கம் அதுதான். கண்ணாடியில் தெரியும் தங்கள் உருவத்தைப் பார்த்தபடி இளவட்டங்கள் கூட்டம் கூட்டமாக ஆடிப் பழகிக்கொண்டிருப்பார்கள். ஒரு பக்கம் கொரியப் பாட்டுக்கு ஏழெட்டுப் பெண்கள் ஒரே அசைவை விடாமல் திரும்பத் திரும்ப ஆடுவார்கள். பக்கத்திலேயே தலைகீழாகச் சுழல்கிற பையன்கள். கல்லூரிக் கலைவிழா நெருங்கினால் நம் குத்துப்பாட்டும் கேட்கும். ஒலிப்பெட்டிகள் ஒன்றோடொன்று மோதும், யாரும் சண்டைக்குப் போக மாட்டார்கள். அலுவலகம் முடிந்து போகிறவர்கள் ஓரமாக வளைந்து வழிவிட்டுப் போவார்கள். ஒழுங்குக்குப் பேர்போன ஊரில், பொது நடைபாதையில், இத்தனை சத்தம்! யாரும் விரட்டுவதில்லை. முதன்முதலாகப் பார்ப்பவர்கள் நம்ப மாட்டார்கள்.

அங்கிருந்து படியேறினால் எஸ்பிளனேட்டுக்குள் வந்துவிடுவீர்கள். 2002 அக்டோபர் 12-ஆம் தேதி திறந்தது. கட்டச் செலவு சுமார் 600 மில்லியன் வெள்ளி. இரண்டு கண்ணாடிக் குவிமாடங்களின் மேல் வெயில் தடுக்க ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட முக்கோண அலுமினியத் தகடுகள் பொருத்தியிருப்பதால், திறக்கும் முன்பே ஊர் அதற்கு டுரியான் என்று பட்டப்பெயர் வைத்துவிட்டது. இவ்வளவு காசு கொட்டி யாருக்குக் கட்டுகிறார்கள் என்ற முணுமுணுப்பும் அந்தக் காலத்தில் நிறையவே இருந்தது. நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் கட்டடத்துக்கு உள்ளே இல்லை, பின்புறம் தண்ணீரோரம் இருக்கிறது: வெளியரங்கம். விரிகுடாவைப் பார்த்தபடி படிப்படியாக இருக்கைகள், முன்னால் மேடை, மேடைக்குப் பின்னால் எதிர்க்கரையின் விளக்குகள். வார இறுதி என்றால் ஏதாவது ஒரு குழு இருக்கும். எஸ்பிளனேட் நடத்தும் நிகழ்ச்சிகளில் பத்துக்கு ஏழு கட்டணமில்லாதவை. நுழைவுச்சீட்டு, வரிசை, கையில் முத்திரை, எதுவும் வேண்டாம். போய் உட்கார வேண்டியதுதான்.

கும்பகோணத்திலிருந்து வந்திருந்த சித்தப்பாவை ஒரு மாலை அங்கே கூட்டிப் போனேன். உட்காரும் முன்பே கேட்டார்: “டிக்கெட் எவ்வளவுப்பா?”

“டிக்கெட்டே இல்ல சித்தப்பா, சும்மா உக்காருங்க.”

“சும்மாவா? அப்ப நல்லா இருக்காது.”

மேடையில் உள்ளூர்ப் பிள்ளைகள். ஒரு வயலின், ஒரு மிருதங்கம், ஒரு மலாய்ப் பையன் கித்தார், சீனப் பெண் ஒருத்தி பறைபோல் பெரிய மேளம். சித்தப்பா முதலில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். காவேரிக் கரைக்காரர், அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்கிற ஆளில்லை. மோகனத்தில் ஏதோ ஒன்றை அந்த வயலின்காரப் பெண் எடுத்தாள். கித்தார் அதற்கு அடியில் போய் நிதானமாக நின்றது. சித்தப்பாவின் கை தொடைக்கு இறங்கியது. மிருதங்கமும் மேளமும் மாற்றி மாற்றிக் கேள்வி பதில் பேச ஆரம்பித்ததும் மனிதர் விரல் எண்ணித் தாளமே போட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஐரோப்பியச் சுற்றுலாப் பயணி அவர் கையைப் பார்த்துத் தானும் தட்ட முயன்று தப்புத் தப்பாகப் போட, இவர் திரும்பி, வாயே திறக்காமல், விரல் மடக்கிச் சொல்லிக்கொடுத்தார். எட்டு மணிக்கு எதிர்க்கரையில் மரினா பே சாண்ட்ஸின் ஒளிக்காட்சி தொடங்கியது. லேசர்க் கோடுகள் வானத்தைக் கிழிக்கின்றன, நீரூற்றுகள் எழும்புகின்றன. இருவரும் அந்தப் பக்கம் தலையைத் திருப்பவே இல்லை. மறுநாளும் அங்கேயே போகலாம் என்று சித்தப்பா காலைச் சாப்பாட்டின்போதே ஆரம்பித்துவிட்டார்.

இதில் நம்மவர்களுக்கென்று தனி விருந்தும் உண்டு. ஆண்டுதோறும் தீபாவளியை ஒட்டி, பெரும்பாலும் நவம்பரில், கலா உத்சவம் நடக்கிறது. கட்டடம் திறந்த ஆண்டிலிருந்தே வருவது. அந்த நாள்களில் எஸ்பிளனேட்டுக்குப் போனால் கீழ்க்கூடத்தில் பரதம், வெளியில் நாட்டுப்புறப் பாட்டு, அரங்கத்துக்குள் சென்னையிலிருந்தோ மும்பையிலிருந்தோ வந்த பெரிய பெயர். குழந்தைகள் நடுநடுவே ஓடிக்கொண்டிருப்பார்கள். சீனப் பாட்டிகள் முன்வரிசையில் இடம் பிடித்திருப்பார்கள். அந்தப் பாட்டிகள் மேல் எனக்கு அளவு கடந்த மரியாதை. மொழி ஒரு சொல் தெரியாது, அபிநயத்தில் கண்ணன் வெண்ணெய் திருடும் இடம் வந்தால் நம்மை முந்திக்கொண்டு சிரிப்பார்கள். சீனர்களுக்கு ஹுவாயி, மலாய்க்காரர்களுக்கு பெஸ்தா ராயா என்று இதேபோல் விழாக்கள் உண்டு. அவற்றுக்கு நாம் போகிறோமா என்றால், குறைவுதான். போக வேண்டும். ஏப்ரல் வாக்கில் பல சமயங்களின் பக்தி இசையை ஒரே வார இறுதியில் கொண்டுவரும் விழா ஒன்றும் நடக்கிறது. சூஃபிப் பாட்டு முடிந்த அரை மணியில் திபெத்தியத் துறவிகளின் அடித்தொண்டை ஓதலைக் கேட்டால், அன்றைக்கு இரவு தூக்கம் வராது. எனக்கு வரவில்லை.

காசு கொடுத்தும் ஒருமுறை எஸ்பிளனேட்டின் கச்சேரி அரங்கத்துக்குள் போங்கள். சுமார் 1,600 பேர் உட்காரலாம். ஒலியமைப்பைச் செய்தவர் ரஸ்ஸல் ஜான்சன். மேடைக்கு மேலே ஏற்றி இறக்கக்கூடிய விதானம் தொங்குகிறது. சுவர்களுக்குப் பின்னால் எதிரொலி அறைகள், அவற்றுக்குக் கனத்த கதவுகள். சிம்பொனி என்றால் அவற்றைத் திறந்து ஒலியை நீள விடுவார்கள், மைக் வைத்த கச்சேரி என்றால் மூடி, திரைகளை இறக்கி அடக்குவார்கள். நம் சபாக்களில் தம்பூரா காதில் விழுவதே அபூர்வம். அங்கே நாலாவது மாடி மலிவு இருக்கையில் உட்கார்ந்து தம்பூராவின் ஒவ்வொரு தந்தியையும் தனித்தனியாகக் கேட்டேன். பாடகர் மூச்சிழுப்பதுகூடக் கேட்டது. ஒரே ஒரு எச்சரிக்கை: குளிரூட்டியை அப்படி வைத்திருப்பார்கள். சால்வை இல்லாமல் போனால் தனி ஆவர்த்தனம் வரைக்கும் தாக்குப்பிடிக்க முடியாது. நடுவில் எழுந்து போகலாம் என்று நினைக்கவும் வேண்டாம். கதவு சாத்தினால் சாத்தியதுதான். போண்டாவும் கிடையாது!

நம் ஆட்டமும் பாட்டும் இந்த மேடைகளுக்கு வாடகைக்கு வந்தவை என்று யாராவது நினைத்தால், அவர்களுக்கு ஒரு வரலாறு சொல்ல வேண்டும். சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம் 1949-இல் தொடங்கியது. நாடு விடுதலை பெறுவதற்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன்பு! கே.பி. பாஸ்கர் 1952-இல் தம் நடனப் பள்ளியை ஆரம்பித்தார். அவருடைய துணைவி சாந்தா பாஸ்கர் 1958-இல் செய்ததுதான் என்னை இன்றைக்கும் வாய்பிளக்க வைக்கிறது: வண்ணத்துப்பூச்சிக் காதலர்கள் என்கிற சீனக் கதையை எடுத்து முழு நீளப் பரதநாட்டியமாக அமைத்தார். இனங்கள் ஒன்றையொன்று சந்தேகத்தோடு பார்த்த காலம் அது. அப்போது இருபதைத் தாண்டாத, தாண்டியிருந்தால் சற்றே தாண்டிய ஒரு பெண்ணுக்கு எவ்வளவு துணிச்சல்! கலாக்ஷேத்ராவில் பயின்று இலங்கை வழியாக வந்த நீலா சத்தியலிங்கமும் அவர் கணவரும் 1977-இல் அப்சரஸ் ஆர்ட்ஸைத் தொடங்கினார்கள். சாந்தாவும் நீலாவும் கலாசாரப் பதக்கம் பெற்றவர்கள். இன்று வெளியரங்கில் காலில் சலங்கையோடு நிற்கும் பதினைந்து வயதுப் பெண்ணின் ஆசிரியைக்கு ஆசிரியை யார் என்று விசாரித்தால், பெரும்பாலும் இந்த வீடுகளில் ஒன்றின் வாசலில் போய் நிற்பீர்கள்.

எஸ்பிளனேட்டை விட்டு வெளியே வந்து பக்கத்துப் பூங்காவுக்குள் நடங்கள். மரத்தடியில், இந்திய தேசிய ராணுவத்தின் நினைவிடம் இருந்த இடத்தைக் காட்டும் ஒரு சின்னம் இருக்கிறது. நேதாஜி 1945 ஜூலையில் அடிக்கல் நாட்டியது, திரும்பி வந்த பிரிட்டிஷார் தகர்த்தது. சாலைக்கு அந்தப் பக்கம் பாடாங் மைதானம். அங்கேதான் 1943 ஜூலையில் அவர் படையைப் பார்வையிட்டுப் பேசினார். கேட்டு நின்றவர்களில், பின்னால் படையில் சேர்ந்தவர்களில், மலாயாத் தோட்டங்களின் தமிழர்கள் ஏராளம். இப்போது அதே புல்லில் கிரிக்கெட் ஆடுகிறார்கள். நான் போகும்போதெல்லாம் அந்தச் சின்னத்துக்கு முன்னால் யாராவது ஒரு தமிழ்க் குடும்பம் பிள்ளைகளை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருக்கும்.

மைதானத்துக்கு எதிரே தேசிய கலைக்கூடம். பழைய நகர மண்டபத்தையும் பழைய உச்ச நீதிமன்றத்தையும் சேர்த்து 2015 நவம்பரில் திறந்தார்கள். குற்றவாளிகளை வைத்திருந்த அறைகளில் இரண்டை அப்படியே விட்டிருக்கிறார்கள். பிள்ளைகளை அங்கிருந்து கிளப்புவது கஷ்டம். எனக்கு அங்கே இரண்டு படங்கள் போதும். ஒன்று, 1865 வாக்கில் லாய்ட்டமான் என்ற ஜெர்மானியர் செதுக்கிய மரச்செதுக்குப் படம். காட்டுக்குள் சாலைக்கு அளவெடுத்துக்கொண்டிருக்கும் கட்டடக் கலைஞர் கோல்மன் மீது புலி பாய்கிறது. கூட வந்த இந்தியக் கைதிகள் சிதறி ஓடுகிறார்கள். பெரிய துரையின் வாழ்க்கையில் ஒரு பரபரப்பான நாள் என்று வரைந்திருக்கிறார். எனக்கோ அந்த ஓடுகிறவர்கள் மேல்தான் கண் போகும். இந்த வட்டாரத்தின் சாலைகளைப் போட்டவர்கள் அவர்கள். பக்கத்தில் வெள்ளைவெளேரென்று நிற்கும் புனித ஆண்ட்ரூ தேவாலயத்தை 1850-களிலும் 60-களின் தொடக்கத்திலும் கட்டியவர்களும் அவர்களைப் போன்ற கைதிகளே. அதன் உட்சுவரில் பூசியிருப்பது மெட்ராஸ் சுண்ணாம்பு: சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர். செட்டிநாட்டு வீட்டுச் சுவரைத் தடவியவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு படம் சுவா மியா டீ 1959-இல் வரைந்த ‘தேசிய மொழி வகுப்பு’. தன்னாட்சி கிடைத்த ஆண்டு. பல இனத்து இளைஞர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து மலாய் கற்கிறார்கள். பெரிய வீரமோ கொடியோ இல்லாத படம். அதன் முன்னால் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு மணி நேரத்தை விட்டிருக்கிறேன், வருத்தமே இல்லை.

ஜனவரியில் வந்தால் இந்தக் கட்டடங்களே திரையாகிவிடும். லைட் டு நைட் விழா. தூண்களின் மீதும் குவிமாடத்தின் மீதும் ஓவியங்களை ஒளியாகப் பாய்ச்சுவார்கள். விக்டோரியா அரங்கத்தின் மணிக்கூண்டு நிறம் மாறிக்கொண்டே இருக்கும். புல்தரையில் பாய் விரித்துக் குடும்பம் குடும்பமாகச் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருப்பார்கள். கூட்டம் நெரியும், குழந்தையின் கையை விடாதீர்கள். அந்த மணிக்கூண்டுக்கு அருகில் ஆற்றை நோக்கிப் போனால் டல்ஹவுசி தூண். 1850-இல் டல்ஹவுசி பிரபு வந்து போனதற்காக எழுப்பியது. ஆங்கிலம், சீனம், ஜாவியோடு தமிழிலும் கல்வெட்டு. விழா விளக்கு அதன் மேல் விழும்போது கைப்பேசியை நீட்டிப் படிக்கிற பையன்களைப் பார்த்திருக்கிறேன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார்கள். படிக்கிறார்களே!

தூணுக்குப் பக்கத்தில் ஆர்ட்ஸ் ஹவுஸ். 1827-இல் கோல்மன் கட்டிய வீடு. ஆமாம், புலிக்குத் தப்பிய அதே கோல்மன். 1965 முதல் 1999 வரை நாடாளுமன்றமாக இருந்தது. நவம்பர் எழுத்தாளர் விழாவின்போது பழைய அவைக்கூடத்தில் அமர்வுகள் நடக்கும். அமைச்சர்கள் உட்கார்ந்த இருக்கையில் நாம் உட்காரலாம். தமிழும் பேச உரிமை பெற்ற மொழியாக இருந்த அவை அது. அங்கே பின்வரிசையில் சாய்ந்துகொண்டு ஒரு கதாசிரியர் தம் நாவலைப் பற்றிப் பேசுவதைக் கேட்டபோது, குறுக்கிட்டுத் துணைக்கேள்வி கேட்க வேண்டும் போல ஒரு கை அரிப்பு. கேட்டும்விட்டேன். அவர் நன்றாகவே சமாளித்தார்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் திட்டத்தைச் சற்று மாற்றுங்கள். நகர மண்டபம் நிலையத்துக்கு அருகிலேயே பெனின்சுலா பிளாசா என்று ஒரு பழைய கடைத்தொகுதி. வார விடுமுறைக்கு மியன்மார்க்காரர்கள் எல்லோரும் அங்கேதான். கன்னத்தில் தனக்கா சாந்து பூசிய பெண்கள், லுங்கி கட்டிய இளைஞர்கள், ஊருக்குப் பணம் அனுப்பும் கடைகள், வெற்றிலை வாசம். கீழ்த்தளத்தில் தேயிலைச் சாலட் தருவார்கள். பர்மாவிலிருந்து திரும்பிய தாத்தா பாட்டி உள்ள வீட்டில் வளர்ந்தவர்கள் மொஹிங்கா கேட்டு ஒரு கிண்ணம் குடித்துப் பாருங்கள். சென்னைக் கடற்கரைச் சாலையில் அத்தோ சாப்பிட்ட நாக்கு சட்டென்று அடையாளம் கண்டுகொள்ளும்.

இவ்வளவையும் விஞ்சுவது ஐப்பசி தீமிதி. வேறு எந்த நாட்டின் வங்கி வட்டாரத்துக்குப் பக்கத்தில் இப்படி ஒன்று நடக்கிறதோ எனக்குத் தெரியாது, நடந்தால் போய்ப் பார்க்க ஆசை. அது நடக்கும் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில் 1827-இல் எழுந்தது. ராஃபிள்ஸுடன் 1819-இல் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை தொடங்கிவைத்த கோயில். சில அடிகள் தள்ளி, சோழமண்டலக் கரை முஸ்லிம்களின் ஜாமியா சூலியா பள்ளிவாசல், 1826. தீமிதியன்று லிட்டில் இந்தியா எனப்படும் தேக்காவின் பெருமாள் கோயிலிலிருந்து பக்தர்கள் மஞ்சள் உடையில், வேப்பிலையோடு, சுமார் நான்கு கிலோமீட்டர் வெறுங்காலில் நடந்து வருவார்கள். சாலையின் ஒரு பகுதியை அவர்களுக்காக ஒதுக்கிவிடுவார்கள். இரவு உணவகங்களில் மது அருந்திக்கொண்டிருக்கும் வெள்ளைக்காரர்கள் கண்ணாடிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நிற்பார்கள். “கோவிந்தா” குரல் நாற்பது மாடிக் கட்டடத்தில் மோதித் திரும்பும். பூக்குழியில் முதல் ஆள் இறங்கும்போது வெளியே பெரிய திரையில் பார்க்கும் கூட்டமும் மூச்சைப் பிடித்துக்கொள்ளும். சீன பக்தர்களும் இறங்குவார்கள். நான் பார்க்கிறவனாக மட்டுமே இருந்திருக்கிறேன், அதற்கே மயிர்க்கூச்செறிந்தது.

சாப்பாட்டுக்கு வருவோம். இரவில் லாவ் பா சாட். 1894-இல் கிளாஸ்கோவில் வார்த்த இரும்பைக் கொண்டுவந்து பூட்டிய எண்கோணச் சந்தை. 1980-களில் எம்ஆர்டி சுரங்கம் தோண்டியபோது கழற்றி வைத்து, பிறகு மறுபடி பூட்டினார்கள். இருட்டியதும் பக்கத்துத் தெருவை மூடிவிட்டு மேசைகளைப் பரப்பி, கரி அடுப்பில் சத்தே சுடுவார்கள். எல்லாப் பக்கமும் புகை. கோட்டு டையோடு வந்த வங்கிக்காரரும் கட்டுமான வேலை முடிந்து வந்தவரும் தோளோடு தோள் உரசிக் கடலைச் சாற்றில் குச்சியைத் தோய்ப்பார்கள். விலை புறநகர் உணவங்காடிகளைவிடக் கொஞ்சம் கூடத்தான், மறைக்கவில்லை. பெரும்பாலான கடைகளில் பத்துக் குச்சிக்குக் குறைந்து தர மாட்டார்கள். இரண்டு பேர் போனால் இருபது வாங்குங்கள், மிஞ்சாது. கோழியும் ஆட்டிறைச்சியும் சொல்லுங்கள், மாட்டிறைச்சி வேண்டாதவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. சைவர்கள் சந்தைக்குள் போனால் தோசைக் கடை உண்டு. மேசையில் ஒரு காகிதக் கைக்குட்டைப் பொட்டலத்தை வைத்துவிட்டுத்தான் வாங்கப் போக வேண்டும், இல்லையென்றால் இடம் போய்விடும். கடைசி ரயில் நள்ளிரவை ஒட்டிக் கிளம்பும். பதினொன்றரைக்கு எழுந்தால் ராஃபிள்ஸ் பிளேஸ் நிலையத்துக்கு நிதானமாக நடந்தே போய்விடலாம்.